மாப்பிள்ளையின் ஆரஞ்சுக் கயிறு

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடக் கட்டியிருக்கிற கயிறு, கடையில் கொடிக்கயிறு என்று கேட்டு வாங்கியதில்லை. சுண்டுவிரல் தடிமன் இருக்கும். ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளிறி வெளிறி இப்போது துவைத்துத் துவைத்துப் போன பழைய காவி மாதிரி ஆகிவிட்டது. ஒரு முனையில் இரும்புக் கொக்கி இன்னும் அப்படியே இருக்கிறது. எத்தனையோ ஏரிக்கும் கிணற்றுக்கும் கல்குவாரிக் குட்டைக்கும் உள்ளே போய் வந்த கயிறு அது. இப்போது அதில் என் மகளின் புடவையும் பேத்தியின் சுடிதாரும் காய்கின்றன. காலையில் ஈரத்துணியை உதறிப் போடும்போது என் கை தானாக அந்தக் கயிற்றை ஒரு இழுப்பு இழுக்கும். அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும், அதுவும் நிறையத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்கோ போய்விடுவேன், அது அவளுக்குப் பழக்கம்தான்.

கயிறு என் மாப்பிள்ளையுடையது. என் ஒரே மகளைக் கட்டியவர். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், வடக்குப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய வீடு. நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே நீந்தக் கற்றுக்கொண்டவர் என்று சம்பந்தியம்மாள் பெருமையாகச் சொல்வாள். அந்த அம்மாள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஆனால் இது உண்மையாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கப்பலுக்கு அடியில் போய் வேலை செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாகச் சாமான்கள் வாங்கிக்கொண்டு திருச்சிக்கே வந்துவிட்டார். கடல் தண்ணீர் அவருக்குப் பிடிக்கவில்லையாம். நல்ல தண்ணீரில்தான் முழுகுவேன் என்று வந்தவர். ஏரியில் மதகு அடைத்துக்கொண்டால், ஷட்டர் கதவு இறங்காமல் நின்றுவிட்டால், கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டால், பாலத்துத் தூணுக்கு அடியில் அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அவரைக் கூப்பிடுவார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர், வாயில் ஒரு குழாய், கண்ணுக்கு ஒரு பெரிய கண்ணாடி. ஸ்கூபா என்பார்கள். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழைய ரொம்ப நாள் ஆயிற்று. யாராவது கேட்டால் "எங்க மாப்பிள்ளை முழுகுற வேலை" என்று சொல்லிவிடுவேன். கேட்கிறவர்கள் ஏதோ வியாபாரம் நொடித்துப்போய்விட்டது போல என்று பாவமாகப் பார்ப்பார்கள்.

அவர்கள் எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டிய பிறகு, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, நான் அவர்களோடு வந்துவிட்டேன். அந்தக் கொல்லையில் நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமா! வேலை முடிந்து வந்தால் அந்த ரப்பர் சட்டையையும் கால்சட்டையையும் ஒரே உருப்படியாகக் கழுவிக் காயப்போடுவார். தலை இல்லாத ஆள் ஒருத்தன் தொங்குகிற மாதிரி இருக்கும். விடியற்காலையில் வந்த பால்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினார். காலில் மாட்டுகிற நீளமான ரப்பர் தகடுக்கு நான் வாத்துக்கால் என்று பேர் வைத்தேன். கடைசியில் மாப்பிள்ளையும் வேலையாட்களிடம் "வாத்துக்காலை எடுத்து வையுங்க" என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் அவசரமாக ஓடி வந்து, "சமையல் பாதியில நிக்குதுங்க, கேஸ் தீந்துபோச்சு, உங்ககிட்டதான் இத்தனை சிலிண்டர் இருக்கே, ஒண்ணு குடுங்களேன்" என்றாள். "அதுல வெறும் காத்துதாம்மா இருக்கு" என்று மாப்பிள்ளை சொன்னதை அவள் நம்பவே இல்லை. வெறும் காற்றை யாராவது இரும்புக்குள் அடைத்து, ஷெட்டில் பூட்டு போட்டு வைப்பார்களா? குடுக்க மனசில்லை என்று நினைத்து ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

இத்தனை நெருக்கமாக ஒரே வீட்டில் இருந்தும் நானும் அவரும் நேருக்கு நேர் நின்று பேசியது கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்க மாட்டாள், உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். பயம் ஒன்றும் இல்லை. மரியாதை என்று சொல்லி வளர்த்தார்கள், அது உடம்பிலேயே ஏறிவிட்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, காற்றைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளுடி" என்பேன். மகள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவர் கூடத்தில் இருந்தபடியே, "போதும்னு அத்தைகிட்ட சொல்லிடு" என்று இல்லாத பெண்டாட்டியிடம் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம், அவர் அங்கே, நான் இங்கே. அவருக்கு என் குரல்தான் தெரியும். எனக்கு அவர் முதுகு தெரியும், சாப்பிடும் கை தெரியும், கதவிடுக்கு வழியாகப் பாதி முகம் தெரியும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதுதான்.

அப்படிக் கேட்டதில் சிலதைச் சொல்கிறேன். ஏரித் தண்ணீருக்கு மேலே ஒரு குணம், கீழே ஒரு குணமாம். "மேல வெந்நி, இடுப்புக்குக் கீழ ஃபிரிட்ஜு" என்பார். சினிமாவில் காட்டுகிற மாதிரி நீல வெளிச்சம், மீன்கூட்டம் எல்லாம் நம் ஏரியில் கிடையாதாம். வண்டலைக் காலால் கலக்கிவிட்டால் டீக்குள் முழுகின மாதிரிதான். "கண்ணைத் தொறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். நான் கண்ணை மூடிட்டுத்தான் வேலை செய்வேன், கைதான் பாக்கும்." பயமாக இல்லையா என்று மகள் கேட்டதற்கு, "திருவானைக்காவல்ல சாமியே தண்ணிக்குள்ளதான இருக்காரு, எனக்கென்ன" என்றார். ஆனால் ஒரு கயிறு இல்லாமல் இறங்கவே மாட்டார். அதுதான் இந்த ஆரஞ்சுக் கயிறு. ஒரு முனை அவர் இடுப்பில். மறுமுனை கரையில் இருக்கிற ஆளின் கையில். கயிறு பிடிப்பதற்கென்றே ஒருத்தர் உண்டு, கொள்ளிடத்தில் அவரோடு சேர்ந்து நீந்தி வளர்ந்த சிநேகிதர். தண்ணீருக்குள் பேச முடியாதே, அதனால் இழுப்புதான் பேச்சு. மேலே இருந்து ஒரு இழுப்பு இழுத்தால், நல்லா இருக்கியா என்று கேட்பது. கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால், நல்லா இருக்கேன் என்று பதில். நாலு இழுப்பு இழுத்தால், மேலே வா.

மதகும் மோட்டாரும் மட்டும் என்றால் நான் சந்தோஷமாகவே இருந்திருப்பேன். தண்ணீரில் போனவர்களை எடுக்கவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்த மாதிரி நாளில் முன்வாசல் வழியாக வர மாட்டார். கொல்லைப்பக்கம் ஒரு அண்டாவில் மஞ்சள் கரைத்த தண்ணீர் வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிடுவேன். குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் சிலர் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடத் தயங்குவார்கள், கரையில் சிலர் அவர் குடித்த டம்ளரைத் திரும்ப வாங்க மாட்டார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் தன் பழக்கம் ஒன்றை மகளிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்ணீருக்குள் கைக்கு ஆள் தட்டுப்பட்டதும் முதலில் முகத்தைத் தடவுவாராம். கண் திறந்திருந்தால் இமையை மூடிவிட்டுத்தான் மேலே கொண்டுவருவாராம். "கரையில உக்காந்திருக்கறவங்க அந்தக் கண்ணைப் பாக்கக் கூடாது. பாத்தா அப்புறம் ஆயுசுக்கும் அதுதான் நிக்கும்" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவருக்கு அப்பளம் இரண்டு கூடுதலாகப் பொரித்தேன், வேறென்ன செய்ய!

காதுதான் அவருக்கு எதிரி ஆனது. ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் காதை அழுத்துமாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் அழுத்தம் சரியாகும், சளி இருந்தால் ஆகாது. ஒரு வருஷம் கல்குவாரிக் குட்டை ஒன்றில் இடது காது போயே போய்விட்டது. தில்லை நகர் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இருக்கறது ஒரு காது. அதுவும் பலவீனமாத்தான் இருக்கு. இனிமே தண்ணிக்குள்ள எறங்கினா அதையும் அங்கேயே விட்டுட்டு வரணும். மெஷின் வெச்சாலும் கேக்காது" என்று சொல்லிவிட்டாராம். மகள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். அவர் முழுகுவதை விட்டார். கயிற்றைச் சுருட்டி ஷெட்டில் மாட்டினார். சிலிண்டருக்குக் காற்று அடிக்கிற மெஷினை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார். வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நானும் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். எனக்கு அது ஒன்றும் கஷ்டம் இல்லை.

என் பிறந்த ஊர் உப்பிலியபுரத்தைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில். ஒரு மழைக்காலத்தில் அங்கே இருந்து என் தம்பி போன் செய்தான். ஊர் ஏரி நிரம்பிவிட்டது, மதகுக் கதவு இறுகிக்கொண்டது, அதைத் தளர்த்துவதற்காக ஊர்க்காரர் ஒருத்தர் மூச்சை அடக்கிக்கொண்டு முழுகியிருக்கிறார். காலம் காலமாக அப்படித்தான் செய்வார்கள். போனவர் மேலே வரவில்லை. ஒரு நாள் ஆகிவிட்டது. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. "அக்கா, செத்தவன் வீட்டு ஆளுங்க கரையை வெட்டித் தண்ணிய வடிச்சிடணும்னு நிக்கறாங்க. வயக்காரங்க வெட்ட விட மாட்டேங்கறாங்க, இந்தத் தண்ணிதான் இந்த வருஷத்து நெல்லு. ரெண்டு பக்கமும் கம்போட நிக்குது. மாப்பிள்ளைய அனுப்பேன்" என்றான்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். "டாக்டர் எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, அதைத் தம்பிகிட்ட சொல்லிடறேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுடி" என்றேன். மகள் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து பதில் வந்தது. "வேற ஆளு இப்ப யாரும் கெடைக்க மாட்டாங்க. கெடைச்சாலும் வர நாளாகும். அதுக்குள்ள அங்க இன்னொரு உசிரு போயிடும்னு அத்தைகிட்ட சொல்லு." மகள் முன்னால் போய் நின்று கத்தினாள். "உங்களுக்குச் சளி வேற புடிச்சிருக்கு. காது போனா யாரு குடுப்பா? என் குரலே கேக்காம ஆயிடும், பரவாயில்லையா?" அவர் ஷெட்டுச் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு, "உன் குரல் எனக்கு மனப்பாடம்" என்றார். அவள் சாமான்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துக்கத்துக்குப் போக வேண்டும் என்று சாமான் ஏற்றின அதே வேனில் நானும் ஏறினேன். அவர் முன்னால், நான் பின்னால் சிலிண்டர்களோடு. அவர் முழுகுவதை நான் பார்த்தது அந்த ஒரே ஒரு முறைதான். ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. மலையின் நிழல் பாதித் தண்ணீரில் விழுந்து, அந்தப் பாதி கறுப்பாகவும் இந்தப் பாதி செம்மண் கலங்கலாகவும் தெரிந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தாமரைக் கிழங்குக்காக இறங்கின ஏரி அது. அன்றைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கரையில் ஒரு பக்கம் மண்வெட்டிகள், இன்னொரு பக்கம் கம்புகள். நடுவில் செத்துப்போனவரின் பெண்டாட்டி, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வயல்காரர் ஒருத்தர், "திருச்சியில இருந்து வந்து என்ன பண்ணப் போறாரு, காத்தை முதுகுல கட்டிக்கிட்டு" என்று நக்கலாகச் சொன்னார். மாப்பிள்ளை, "காத்து தீந்துபோனா உங்க சத்தத்துல கொஞ்சம் குடுங்க, அது நிறைய இருக்கு" என்றார். அந்த நிலைமையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், கம்பு கொஞ்சம் தாழ்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார், கொக்கியை இடுப்பில் போட்டார், வாத்துக்காலோடு பின்புறமாக நடந்து தண்ணீருக்குள் இறங்கினார். தலை மறைந்தது. குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது. சிநேகிதர் கயிறு பிடித்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கயிறு உள்ளே போயிற்று. ஒரு இடத்தில் நின்றது. சிநேகிதர் ஒரு இழுப்பு இழுத்தார். பதில் வரவில்லை. பிறகு ஒரு இழுப்பு வந்தது. "நல்லா இருக்காருங்க அத்தை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிற்பாடு தெரிந்தது, அந்த நேரத்தில்தான் காதுக்குள் ஏதோ கிழிந்து, தலைக்குள் ஏரியே சுழன்றிருக்கிறது. மேலே வந்திருக்கலாம். நல்லா இருக்கேன் என்று ஒரு இழுப்பு கொடுத்துவிட்டு இன்னும் கீழே போயிருக்கிறார். கயிறும் பொய் சொல்லும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெகு நேரம் கழித்து நாலு இழுப்பு வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு பேராக மேலே வந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் அணைத்துக்கொண்ட மாதிரி. உடைந்த மதகுக் கதவின் இடுக்கில் கால் மாட்டியிருந்ததாம். கரையில் படுக்க வைத்தபோது அந்த மனுஷன் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தார். மண்வெட்டிகளும் கம்புகளும் எங்கே போயின என்றே தெரியவில்லை. எல்லோரும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தள்ளி உட்கார்ந்திருந்தார். வலது காதிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கியிருந்தது. அந்தப் பெண் புருஷன் முகத்தில் ஒட்டியிருந்த பாசியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எழுந்து மாப்பிள்ளையிடம் வந்தாள். "கண்ணை மூடியிருக்காரே, உள்ளயும் இப்பிடித்தான் இருந்தாராங்க?" என்று கேட்டாள். அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் தூரத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சிநேகிதரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தன் இரண்டு காதையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அப்போது அவளுக்குப் பின்னால் ஒதுங்கி நான்தான் நின்றிருந்தேன். அந்தக் கேள்வி காதில் விழுந்தது எனக்கு மட்டும்தான்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. மெஷின் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிரயோஜனம் இல்லை. மகள் கொஞ்ச நாள் அவரோடு பேசவே இல்லை, பேசினாலும் கேட்காது என்பது வேறு. பிறகு போனில் தட்டிக் காட்டுவாள், அவர் படித்துவிட்டுப் பதில் சொல்வார், ஊருக்கே கேட்கிற மாதிரி. அவளும் பேத்தியும் முன்னால் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பழகிவிட்டார். எனக்கும் அவருக்கும் இருந்த பேச்சுதான் நின்றுபோயிற்று. எனக்குப் போனில் தட்டத் தெரியாது. முன்னால் போய் நிற்கவும் முடியாது. கதவுக்குப் பின்னால் நின்று "மாப்பிள்ளை காபி குடிச்சாச்சான்னு கேளு" என்று ஒரு நாள் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. அவர் வாசல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏம்மா, முன்னாடி போய் நின்னாத்தான் என்ன, அவரு என்ன புலியா?" என்று மகள் திட்டினாள். இரண்டு தரம் முயற்சி பண்ணினேன். கதவு வரைக்கும் போவேன், கால் அதற்கு மேல் வராது. அவர் அதைக் கவனித்துவிட்டார் போல. "அத்தைய வற்புறுத்தாத" என்று கத்திச் சொன்னார்.

மறுநாள் ஷெட்டிலிருந்து ஆரஞ்சுக் கயிற்றை எடுத்துவந்தார். ஒரு முனைக் கொக்கியைத் தன் சாய்வு நாற்காலியின் கையில் மாட்டினார். கயிற்றைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற ஜன்னல் கம்பி வழியாகக் கொண்டுபோய் மறுமுனையைச் சமையலறையில் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனையும் செய்தார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்து, "இழுங்க அத்தை" என்றார். இழுத்தேன். உடனே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது. நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. காலையில் நான் ஒரு இழுப்பு இழுப்பேன், அவர் ஒன்று இழுப்பார். காபி ஆறுகிறது என்றால் நாலு இழுப்பு, எழுந்து வந்து ஜன்னல் திட்டில் இருந்து எடுத்துக்கொள்வார். சில நாள் காரணமே இல்லாமல் அவர் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வரும். கீரை ஆய்ந்துகொண்டே நானும் ஒன்று இழுப்பேன். வீட்டுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நாற்காலியிலிருந்து உரக்கக் கேட்டார். "அத்தை, அன்னைக்கு ஏரிக்கரையில அந்தம்மா எங்கிட்ட ஏதோ கேட்டுச்சே, ரெண்டு தரம் கேட்டுச்சு. என்ன கேட்டுச்சு? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. எனக்கு ராத்திரி தூக்கத்துல கூட அந்த வாயி அசையறதுதான் வருது." கயிற்றில் அதை எப்படிச் சொல்வேன்? ஒரு இழுப்பு இழுத்தேன். "நான் நல்லாத்தான் இருக்கேன், அதைக் கேக்கல" என்று சிரித்தார். சாயங்காலம் மகள் வந்ததும் சொன்னேன், அவள் போனில் தட்டிக் காட்டினாள். படித்துவிட்டு வெகு நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். "ஆமான்னு சொல்லிடுங்க அத்தை. தூங்கற மாதிரிதான் இருந்தாருன்னு சொல்லிடுங்க" என்றார். சொல்லும்போது அவர் வலது கை விரல்கள் ஒன்றோடு ஒன்று லேசாக உரசிக்கொண்டன, எதையோ மூடுகிற மாதிரி. ஊருக்குப் போனபோது அந்தப் பெண்ணைத் தேடிப்போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டேன். முருங்கைக்காய்ச் சாம்பார், நன்றாகவே வைத்திருந்தாள்.

பிறகு ஒரு ஆடி மாசத்து மத்தியானம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று காலையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள், பேத்தி காலேஜுக்கு. நான் காபி கலந்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நாலு இழுப்பு இழுத்தேன். அவர் வரவில்லை. கண் அசந்திருப்பார் என்று நினைத்து, ஒரு இழுப்பு இழுத்துக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொன்று இழுத்தேன். கயிறு நாற்காலியின் கையை ஆட்டியது, அவ்வளவுதான். கயிற்றில் ஆள் இருந்தால் ஒரு கனம் இருக்கும். அத்தனை வருஷத்தில் அது என் கைக்குத் தெரிந்திருந்தது. மறுபடி நாலு இழுத்தேன். காபிக்காக இழுக்கவில்லை. மேலே வா, மேலே வா என்று ஏரிக்கரையில் நிற்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தேன். பிறகு கயிற்றை விட்டுவிட்டு, கதவைத் தாண்டி, கூடத்தின் நடுவில் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் அந்தக் கண்ணாடி வருஷக்கணக்காக அழுத்திய தடம் வட்டமாக இருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு மச்சம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து எனக்கு அது தெரியாது. கண் திறந்திருந்தது. சமையலறைக் கதவைப் பார்த்த மாதிரி இருந்தது. "மாப்பிள்ளை" என்றேன், நேராக, யாரிடமும் சொல்லச் சொல்லாமல். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைத் தொட்டேன். இமை இரண்டையும் மெதுவாக மூடினேன். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

மகள் ஓடி வந்து காலடியில் விழுந்து அழுதுவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "தூக்கத்துலயே போயிட்டாராம்மா?" என்று கேட்டாள். "ஆமாண்டி. தூங்கற மாதிரிதான் இருந்தாரு" என்றேன். இந்த இடத்தை எழுதும்போது பேத்தி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு இது தெரியாதுல்ல பாட்டி?" என்றாள். நீ எழுது என்று சொன்னேன். எழுதுகிறாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு சிலிண்டர்களையும் வாத்துக்காலையும் சிநேகிதர் வந்து எடுத்துக்கொண்டு போனார். கயிற்றை மட்டும் நான் தரவில்லை. கொல்லையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டச் சொன்னேன். மழைக்கும் வெயிலுக்கும் அங்கேயே கிடக்கிறது. இன்றைக்குக் காலையிலும் துணியைப் போட்டுவிட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். மகளின் நீலப் புடவை ஒரு ஆட்டம் ஆடி நின்றது. கொஞ்ச நேரம் கயிற்றில் கையை வைத்தபடி நின்றேன். பிறகு வாளியில் மிச்சம் இருந்ததை எடுத்து உதறினேன்.